யார், யாரிடம், எங்கே நின்று

மாதவரம், ஜூன் 14, சனி

ஒன்பதாம், பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூல்களில் செய்யுள் பகுதி ஏறக்குறைய ஒரே ஒழுங்கில் அமைந்திருக்கிறது. நுழையும் முன், பாடல், சொல்லும் பொருளும், பாடலின் பொருள், இலக்கணக் குறிப்பு, பகுபத உறுப்பிலக்கணம், நூல்வெளி. தேவையான செய்தி எதுவும் இதில் விடுபடவில்லை. ஆனால் பாடலுக்குக் கீழேயே அதன் பொருள் உரைநடையில் அச்சாகியிருப்பதால், பாடலோடு மல்லுக்கட்ட வேண்டிய தேவை மாணவருக்கு வருவதே இல்லை. கண் நேராகப் பொழிப்புக்குப் போய்விடுகிறது. அதைத் தேர்வில் எழுதிவிட்டால் கவிதை படித்தாயிற்று. இந்தப் பழக்கத்தை உடைக்க நாடகமும் படைப்பெழுத்தும் வகுப்பறைக்குள் வரவேண்டும் என்று சொன்னால், பலர் அதை ஆண்டுவிழாச் சமாச்சாரமாகவே எடுத்துக்கொள்கிறார்கள். பாடத்தை நடத்தி முடித்தபின் நேரமிருந்தால் பிள்ளைகளை நடிக்க விடலாம் என்பார்கள். நான் சொல்ல வருவது அதற்கு நேர்மாறானது. தமிழ்க் கவிதையில் பெரும்பகுதியை நாடகமாகப் பார்க்காமல் வாசிக்கவே முடியாது. நடிப்பது வாசிப்புக்குப் பின் கிடைக்கும் பரிசாக இருக்கக்கூடாது, வாசிப்பே அதுதான்.

இது வெளியிலிருந்து வந்த கல்விக் கோட்பாடு அல்ல. தொல்காப்பியச் செய்யுளியல் ஒரு செய்யுளின் உறுப்புகளாக 34 கூறுகளை எண்ணுகிறது. மாத்திரை, எழுத்து, அசை, சீர், அடி ஆகியவற்றோடு பள்ளி இலக்கணம் பெரும்பாலும் நின்றுவிடுகிறது. அதே பட்டியலில் கூற்று, கேட்போர், களன், காலம், பயன், மெய்ப்பாடு, எச்சம், முன்னம் ஆகியவையும் இருக்கின்றன. யார் பேசுகிறார், யார் கேட்கிறார், எந்த இடம், எந்தப் பொழுது, எதற்காக, எந்த உணர்ச்சி உடம்பில் தெரிய, எதைச் சொல்லாமல் விட்டு. இவற்றில் முன்னம் மிகக் கூர்மையானது. இந்த இடத்தில் இந்தப் பேச்சு இன்னார் இன்னாரிடம் பேசுவதற்கு உரியது என்று கேட்பவர் குறிப்பால் உணரும்படி அமைவதுதான் முன்னம். ஒரு நாடக இயக்குநர் ஒத்திகையின் முதல் நாளில் நடிகரிடம் கேட்கும் கேள்விகள் அத்தனையும் இதில் அடங்கிவிடுகின்றன. அசையும் சீரும் எப்படிச் செய்யுளின் உறுப்போ, அப்படியே பேசுபவரும் கேட்பவரும் உறுப்பு என்று சொன்ன மரபு நம்முடையது. அந்தப் பட்டியலில் பாதியை மட்டும் வகுப்பறைக்குள் கொண்டுவந்து, மறுபாதியை வாசலிலேயே நிறுத்திவிட்டோம்.

ஜூன் 15, ஞாயிறு

புறநானூற்று 112ஆம் பாட்டை எடுத்துக்கொள்கிறேன். ஐந்தே அடிகள். பறம்பு மலையை மூவேந்தர் கைப்பற்றியபின் பாரியின் மகளிர் பாடியது. சென்ற மாதத்து நிலவில் தந்தையும் இருந்தார், குன்றும் எங்களிடம் இருந்தது; இந்த மாதத்து நிலவில் குன்றும் போயிற்று, தந்தையும் இல்லை. பொழிப்பு இவ்வளவுதான். பாடநூல் முறையில் இதை நடத்த கால் மணி நேரம் போதும். கையறுநிலைத் துறை என்று எழுதிப்போட்டுவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடலாம்.

இரண்டு மாணவியரை எழுந்து நின்று இதைப் பேசச் சொன்னால் உடனே சிக்கல்கள் எழும். அந்தச் சிக்கல்கள்தாம் பாடம். பாட்டுக்குள் பாரியின் பெயரே இல்லை. அடிக்குறிப்புத்தான் அவர்களைப் பாரி மகளிர் என்று நமக்குச் சொல்கிறது. யாரிடம் பேசுகிறார்கள் என்பதும் பாட்டில் இல்லை. ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்களா, உடன் இருந்த கபிலரிடம் சொல்கிறார்களா, நிலவைப் பார்த்துச் சொல்கிறார்களா? மூன்றில் எதைத் தேர்ந்தாலும் குரல் மாறும், முகம் திரும்பும் திசை மாறும். பாட்டில் அழுகையைக் குறிக்கும் சொல் ஒன்றுகூட இல்லை. அப்படியானால் நடிப்பவர் அழலாமா? தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அழுகைக்கு நான்கு நிலைக்களன்களைச் சொல்கிறது: இழிவுபடுதல், இழப்பு, தன் நிலையிலிருந்து தளர்தல், வறுமை. நான்கும் இந்த ஐந்து அடிக்குள் இருக்கின்றனவே, இருந்தும் கண்ணீர் ஏன் பேசப்படவில்லை? வென்ற வேந்தரின் முரசை ஏன் அடையாகச் சேர்த்துச் சொல்கிறார்கள்? அந்த முழக்கம் இன்னும் காதில் விழுகிறதா? ஒரே வெண்ணிலவு இரண்டு முறை வருகிறது. இரண்டாம் முறை அதே சொல்லை அதே தொனியில் சொல்ல முடியுமா? இந்தக் கேள்விகளை ஆசிரியர் விரிவுரையாகவும் சொல்லிவிடலாம். சொன்னால் அவை குறிப்பேட்டில் இன்னும் நான்கு வரியாகும். வாயைத் திறந்து பேசியாக வேண்டிய மாணவிக்கோ அவற்றுக்கு விடை காணாமல் அடுத்த சொல்லுக்கு நகரவே முடியாது.

இதற்குப் பின்தான் எழுத்து. கபிலர் மறுமொழி சொல்லியிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? ஐந்து அடிக்கு மிகாமல் எழுதச் சொல்லலாம். அதைவிடக் கடினமான பயிற்சியும் உண்டு. வீட்டையோ ஊரையோ விட்டுப்போன ஒருவர், போன மாதத்தையும் இந்த மாதத்தையும் மட்டும் வைத்துப் பேசவேண்டும். துக்கத்தைக் குறிக்கும் சொல் எதுவும் வரக்கூடாது. கடலோரக் குப்பத்திலிருந்து எர்ணாவூர் சுனாமிக் குடியிருப்புக்கு வந்த குடும்பங்கள் இருக்கிற பகுதி இது. மலையை இழப்பது என்றால் என்னவென்று அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு யாரும் பொழிப்புரை சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் கற்க வேண்டியது, அந்த இழப்பை இவ்வளவு சிக்கனமாகச் சொல்ல முடியும் என்பதைத்தான். பன்னிரண்டு வரி எழுதி, அதை எட்டாக்கி, எட்டை ஐந்தாக்க முயல்கிறபோதுதான் பழைய பாட்டின் வேலைப்பாடு கைக்குத் தட்டுப்படும்.

ஜூன் 22, ஞாயிறு

முதல் ஆட்சேபம் வலுவானது. நாடகம் என்றால் ஆளுக்கொரு கற்பனை, கடைசியில் கவிதை காணாமல் போகும், பிள்ளைகள் சினிமா வசனம் பேசிவிட்டு உட்காருவார்கள். எந்த நிபந்தனையும் இல்லாமல் நடிக்கவிட்டால் இது நடக்கத்தான் செய்யும். ஒரு நிபந்தனை போதும். நடித்து முடித்ததும் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கேட்கவேண்டும்: எந்தச் சொல்லை வைத்து இப்படிச் செய்தாய்? சொல்லைக் காட்ட முடியாவிட்டால் அந்தச் செய்கை நீங்கவேண்டும். பாரி மகளிர் வேந்தரைச் சபித்துக் கத்துவதாக ஒரு குழு நடித்தால், அந்தச் சாபம் பாட்டில் எங்கே இருக்கிறது என்று காட்ட முடியாது. பொழிப்புரையில் இத்தகைய தப்பு மறைந்துகொள்ளும். “மிகுந்த சோகத்துடன் பாடினர்” என்று எழுதிவிட்டால் யாரும் எதிர்க்கேள்வி கேட்பதில்லை. மேடையில் அப்படி ஒளிந்துகொள்ள இடமில்லை. என் கணிப்பில், பொழிப்புரையைவிட நடிப்புத்தான் மூலத்துக்குக் கூடுதல் கட்டுப்பாடு உடையது.

அடுத்தது, வாய்த்துடுக்குள்ள நாலு பேர் நடிக்க, மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள் என்பது. இதற்கு விடை குறுந்தொகையிலும் நற்றிணையிலும் திரும்பத் திரும்ப வரும் ஒரு துறையில் இருக்கிறது. தலைவன் வேலிக்கு அப்பால், சிறைப்புறத்தில், மறைந்து நிற்கிறான். அது தோழிக்குத் தெரியும். அவள் தலைவியிடம் பேசுவதுபோல் அவன் காதில் விழும்படி பேசுகிறாள்: ஊர் அலர் தூற்றுகிறது, தாய் ஐயப்படுகிறாள், இனியும் இரவில் வந்துபோவது சரியல்ல, மணம் பேசி வா. பேசுபவர் ஒருவர், முன்னால் இருப்பவர் ஒருவர், உண்மையில் கேட்கவேண்டியவர் இன்னொருவர். இதில் இரண்டு பேருக்கு வசனமே கிடையாது. வகுப்பில் பேசாத பையனை அந்த வேலிக்குப் பின்னால் நிறுத்தலாம். ஒவ்வொரு சொல்லும் விழும்போது அவன் முகம் என்ன ஆகிறது என்பதுதான் காட்சி. அவன் வீட்டுக்குப் போய் அன்றிரவு தன் பாங்கனிடம் என்ன சொல்லியிருப்பான் என்று எழுதட்டும். “தோழி தலைவியிடம் கூறியது” என்று ஒரு வரியில் முடித்துவிடும் குறிப்பு, அந்த மூன்றாவது ஆளை அழித்துவிடுகிறது. அவன் இல்லையென்றால் தோழியின் பேச்சு வெறும் புலம்பல். அவன் அங்கே நின்றால் அதே பேச்சு சூழ்ச்சி, கெஞ்சல், எச்சரிக்கை எல்லாம் ஆகும். குறுந்தொகைப் பாட்டு நான்கு முதல் எட்டு அடி. ஒரு காட்சி இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஒரே பாடவேளையில் ஐந்தாறு குழுக்கள் செய்து காட்ட இடம் இருக்கிறது.

காதல் பாட்டை ஆணும் பெண்ணும் கலந்த வகுப்பில் நடிக்க வைப்பதா என்று பெற்றோர் கேட்கலாம். அகப்பாட்டு யாரையும் பெயர் சுட்டிப் பேசுவதில்லை என்ற விதியே இதற்குக் காப்பு. தலைவி என்பது ஒரு பாத்திரம். எதிரே அமர்ந்திருக்கும் பெண்ணைக் குறிக்கும் சொல் அல்ல. தெருக்கூத்தில் பெண் வேடத்தை ஆண்களே கட்டி ஆடி வந்திருக்கிறார்கள். தோழியாகப் பையன் பேசினாலும் பாட்டுக்கு ஒரு குறையும் வராது.

ஜூன் 28, சனி

நேரம் இல்லை, பொதுத்தேர்வு இருக்கிறது. இந்த ஆட்சேபத்தைக் கேலி செய்யக்கூடாது. சென்னையின் இந்த மூலையில் பத்தாம் வகுப்பு மதிப்பெண்தான் ஒரு குடும்பத்தின் அடுத்த பத்தாண்டைத் தீர்மானிக்கிறது. அடிபிறழாமல் எழுதுக என்பதற்கு மதிப்பெண் உண்டு. தோழியாக நின்று பேசியதற்குக் கிடையாது. எல்லாப் பாட்டையும் இப்படி நடத்த முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன், நடத்தவும் வேண்டாம். ஒரு பருவத்தில் இரண்டு பாட்டுகளை முழுதாகச் செய்தால் போதும். அதில் பழகிய கேள்விகள் மற்றப் பாட்டுகளை வேகமாக வாசிக்கவும் உதவும். மனப்பாடத்துக்கும் நாடகத்துக்கும் பகை கிடையாது. சங்கரதாஸ் சுவாமிகள் காலத்துப் பாலர் குழுக்களில் சிறுவர்கள் நூற்றுக்கணக்கான பாட்டுகளைத் தலைகீழாகச் சொன்னார்கள். ஒவ்வொரு வரியும் யாருக்கு எதிரே, எந்தத் தருணத்தில் வருகிறது என்பது உடம்பில் பதிந்திருந்ததும் அதற்கு ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். நயம் பாராட்டுக என்ற வினாவுக்கும், எதுகை மோனையை அடிக்கோடிடுவதற்கு மேல் ஏதாவது சொல்ல, இப்படி நடித்துப் படித்த மாணவர்களிடம்தான் சரக்கு இருக்கும்.

பள்ளிக் கல்வித்துறை 2022-23 முதல் கலைத் திருவிழா நடத்துகிறது. கவிதை எழுதுவதும் நடிப்பதும் அதில் போட்டிகளாக இருக்கின்றன. நல்ல முயற்சிதான். ஆனால் போட்டி, திறமை ஏற்கெனவே வெளிப்பட்டவரைத் தேர்ந்தெடுக்கிறது. நான் கேட்பது ஒரு வகுப்பின் நாற்பது பேருக்குமான வாசிப்பு முறை. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கிய செயல்வழிக் கற்றல், பிள்ளைகள் செய்து கற்கலாம் என்பதைத் தொடக்க வகுப்புகளில் ஒப்புக்கொண்டது. பதினான்கு வயதானதும் அந்த நம்பிக்கையை ஏன் திரும்ப எடுத்துக்கொள்கிறோம் என்பது எனக்கு விளங்கவில்லை. இலங்கையில் நாடகமும் அரங்கியலும் சாதாரண தர, உயர்தரத் தேர்வுகளில் தமிழிலேயே எழுதக்கூடிய பாடம். யாழ்ப்பாணத்தில் குழந்தை ம. சண்முகலிங்கம், மட்டக்களப்பில் சி. மௌனகுரு போன்றவர்கள் பள்ளியையும் அரங்கையும் இணைத்துப் பல பத்தாண்டுகள் உழைத்தார்கள். அங்கே அது தனிப் பாடமாக நிற்கிறது. இங்கே தமிழ் வகுப்புக்குள்ளேயே வேண்டும் என்கிறேன். என்றாலும், போர்க்காலத்திலும் ஒரு தமிழ்ச் சமூகம் அரங்கைக் கல்வியாகக் காத்துவந்தது என்றால், நமக்கு நேரமில்லை என்பதை இன்னொரு முறை யோசிக்கவேண்டும்.

ஜூலை 6, ஞாயிறு

எல்லாக் கவிதையும் நாடகம் அல்ல என்பது உண்மை. காமத்துப்பாலின் 250 குறள்களுக்கும் பரிமேலழகர் இன்னார் கூற்று என்று வகுத்துச் சொல்கிறார். அவற்றை அப்படியே மேடை ஏற்றலாம். பொருட்பாலை அப்படிச் செய்தால் போலியாக இருக்கும். இயற்கை வருணனைப் பாட்டுகளிலும் ஆள் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. அங்கே எழுத்து மட்டும் போதும். நியூயார்க்கில் கென்னத் கோக் என்ற கவிஞர் ஒரு பொதுப் பள்ளிச் சிறுவர்களோடு வேலை செய்து 1970இலும் 1973இலும் எழுதிய இரு நூல்கள் இதற்கு உதவும். பெரிய கவிஞர் ஒருவரின் பாட்டை முழுக்க விளக்கிவிட்டு எழுதச் சொல்லாமல், அந்தப் பாட்டை இயக்கும் ஒரே ஒரு உத்தியை எடுத்துக்கொடுத்து, அதை வைத்துச் சொந்தமாக எழுதச் சொன்னார். பிளேக்கின் புலியை வாசித்தபின் ஏதாவது ஓர் உயிரிடம் கேள்விகளாகவே கேட்டு எழுதுவது போல. நம் பாட்டுகளில் இப்படி எடுத்துக்கொடுக்க உள்ளுறை ஒன்றே போதும்: கருப்பொருளைச் சொல், மனிதரைப் பற்றி வாய் திறக்காதே.

கருப்பொருளுக்கு இந்தப் பக்கத்தில் பஞ்சமில்லை. காசிமேட்டில் வலை, படகு, ஏலம். எண்ணூர்க் கழிமுகத்தில் அலையாத்திச் செடி, அனல்மின் நிலையச் சாம்பல், 2023 டிசம்பர் வெள்ளத்தோடு பரவிய எண்ணெய். மாதவரத்தில் பால்பண்ணை, ரெட்டேரி, சரக்கு லாரிகள் நிற்கும் முற்றங்கள். நெய்தலையும் முல்லையையும் ஐந்து கட்டமுள்ள அட்டவணையாக மனப்பாடம் செய்யும் பிள்ளைகள் அந்தத் திணைகளின் இன்றைய நிலத்தில்தான் குடியிருக்கிறார்கள். அவர்கள் எழுதுவது வடசென்னைப் பேச்சில் வந்துவிடும், செந்தமிழ் கெடும் என்ற அச்சம் எனக்கில்லை. தோழியின் மறுமொழியை முதலில் தங்கள் பேச்சிலேயே எழுதட்டும். கானா பாடுபவர் எதிராளிக்குச் சுடச்சுடப் பதில் கட்டுவதைக் கேட்டு வளர்ந்த காதுகளுக்குச் சந்தமும் இயைபும் புதிதல்ல. பிறகு அதே மறுமொழியைப் பாட்டின் மொழிக்கு அருகில் கொண்டுபோகச் சொன்னால், எது உதிர்கிறது, எது நிற்கிறது என்பதை அவர்களே காண்பார்கள். பேச்சை வாசலில் கழற்றிவைத்துவிட்டு உள்ளே வா என்று சொல்லும் வகுப்பில் பிள்ளைகள் வாயைத் திறக்கமாட்டார்கள்.

ஜூலை 12, சனி

பத்தாம் வகுப்பு வினாத்தாளில் காட்சியைக் கண்டு கவினுற எழுதுக என்று ஒரு வினா வருகிறது. படைப்பெழுத்துக்கு மதிப்பெண் தரலாம் என்பதைத் தேர்வுத்துறை ஏற்றுக்கொண்டிருக்கிறது என்று இதற்குப் பொருள். அப்படியானால் அதன் பக்கத்தில் இன்னொரு வினாவுக்கும் இடம் உண்டு: கொடுக்கப்பட்ட செய்யுளில் பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பவர் யார்? அவர் சொல்லக்கூடிய மறுமொழியை எட்டு வரிக்குள் எழுதி, அதற்கு ஆதாரமான இரண்டு சொற்களைச் செய்யுளிலிருந்து எடுத்துக்காட்டுக. திருத்துபவருக்கு இது கடினமான வேலையும் அல்ல. ஆதாரச் சொல் பொருந்துகிறதா, பேசுபவரின் நிலை மாறாமல் இருக்கிறதா என்று இரண்டைப் பார்த்தால் போதும். உரைநூல்கள் இதற்கு ஆயத்த விடைகளை அச்சிட்டு விற்கும்தான். ஆனால் பாடநூலில் இல்லாத பாட்டைக் கொடுத்தால் அந்த விடைகளுக்கு வேலை இருக்காது. குறுந்தொகையில் 401 பாட்டு, நற்றிணையில் 400. வினா எடுப்பவருக்கு இன்னும் பல பத்தாண்டுகளுக்குக் கையிருப்பு இருக்கிறது.