கைமாற்றாக ஒரு கழுகு!

உடம்பு சிங்கம். தலையும் இறக்கையும் கழுகு. கால்கள் நாலு. முழு நேர உத்தியோகம், தங்கத்தைக் காவல் காப்பது. இப்படி ஒரு கற்பனைப் பிராணிக்குப் பெயர் கிரிஃபின். நம்ம கோயில் தூண்களில் சிங்க உடம்பும் தும்பிக்கையுமாக முறைக்கிறதே யாளி, அதற்கு மேல்நாட்டு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

கற்பனைதான். ஆனால் அட்ரஸ் உண்டு! கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் கிரேக்கத்து ஹெரோடோடஸ் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். வடக்கே, குதிரைமேலேயே குடித்தனம் நடத்திய ஸ்கைதியர்களையும் தாண்டிப் போனால், கிரிஃபின்கள் தங்கத்தைக் காவல் காக்கின்றனவாம். அரிமாஸ்பியர் என்கிற ஒற்றைக்கண் மனிதர்கள் அதைத் திருடுகிறார்களாம். (ஒற்றைக்கண் சமாசாரத்தை மட்டும் நம்ப முடியவில்லை என்று அவரே சொல்லிவிட்டார்.)

அந்த இடம் அல்தாய் மலைத்தொடர் என்பது அறிஞர்கள் பலரின் கணிப்பு. மங்கோலியா, சீனா, ரஷ்யா, கஸகஸ்தான் என்று நாலு நாடுகளிலும் கைகால் நீட்டிப் படுத்திருக்கிற மலை. மங்கோலிய மொழியில் 'அல்தன்' என்றால் தங்கம். பொருத்தம் பாருங்கள்!

போன அக்டோபரில் அந்த அட்ரஸைத் தேடிக்கொண்டு போனேன்.

சென்னையிலிருந்து நேர் விமானம் கிடையாது. மாறி மாறி ஏறி, மங்கோலியத் தலைநகர் உலான்பாதர் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து உள்ளூர் விமானத்தில் மேற்கே சுமார் மூன்று மணி நேரம் பறந்தால் உல்கி என்ற ஊர். பயான்-உல்கி மாநிலத்தின் தலைநகர். நாடு மங்கோலியா என்றாலும் இங்கே பெரும்பாலோர் கஸக் இனத்தவர். 1860-களிலிருந்து மலை தாண்டி வந்து குடியேறியவர்கள். வீட்டுக்குள் நுழைந்ததும் உப்புப் போட்ட பால் டீ கொடுக்கிறார்கள். முதல் வாய் அதிர்ச்சி. நாலாவது வாயில், ரசத்தில் உப்பு இருக்கலாம், டீயில் இருக்கக்கூடாதா என்று மனசு சமாதானமாகிவிடுகிறது.

இரண்டாம் நாள் காலை, கைட் தம்பி மலைச்சரிவைக் காட்டினான். தூரத்தில் ஏதோ இறங்கி வந்துகொண்டிருந்தது. நாலு கால். மேலே அடர்ந்த ரோமம். அதற்கும் மேலே ஒரு ஜோடி இறக்கை விரிந்து விரிந்து மடங்கியது. சத்தியமாகச் சொல்கிறேன், கிரிஃபின்!

கிட்டே வந்ததும் மூன்றாகப் பிரிந்தது. கீழே குதிரை. நடுவில் நரித்தோல் தொப்பி போட்ட ஆள். அவர் வலது கையில் ஒரு பொன்னாங்கழுகு.

கஸக் மொழியில் இவர்களுக்கு 'புர்கித்சி' என்று பெயர். கழுகை வைத்து வேட்டையாடுகிறவர்கள். எல்லாம் பெண் கழுகுகள். பெண்தான் உருவத்தில் பெரிசு, கோபத்திலும் பெரிசு. (கல்யாணமானவர்கள் சிரிக்க வேண்டாம், இது விஞ்ஞானம்.) எடை நாலிலிருந்து ஆறரை கிலோ வரை. இறக்கையை விரித்தால் இரண்டு மீட்டருக்கு மேல். வானத்திலிருந்து பாயும்போது வேகம் மணிக்கு 240 கிலோமீட்டரையும் தாண்டும். ஆறு கிலோவைக் கையில் ஏந்திக்கொண்டு நாள் பூரா குதிரை ஓட்ட முடியுமா? அதனால் சேணத்தில் கவட்டை மாதிரி ஒரு கட்டையைச் செருகி, கையை அதன்மேல் வைத்துக்கொள்கிறார்கள். பெயர் 'பால்டாக்'.

இன்னொரு கணக்கையும் கவனித்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும். இந்தக் கழுகு வயசுக்கு வர சுமார் ஐந்து வருஷம் ஆகிறது. பெரும்பாலும் இரண்டு முட்டைதான் இடும். இரண்டும் பொரித்தால் பல சமயம் அக்கா தங்கையைக் கொத்தியே கொன்றுவிடும். மிஞ்சுவது ஒன்று. சில வருஷம் அதுவும் கிடையாது.

சரி, எப்படிப் பழக்குகிறார்கள்? சுமார் 1,800 வருஷம் முன்பு ரோமாபுரியில் ஒருவர் மிருகங்களைப் பற்றிப் புத்தகம் எழுதினார். பெயர் ஏலியன். (நிஜமாகவே அதுதான் பெயர்!) வளர்ந்த கிரிஃபினைப் பிடிக்க முடியாது, குஞ்சாக இருக்கும்போதுதான் பிடிக்க முடியும் என்று அதில் இருக்கிறது. இல்லாத பிராணிக்கு எழுதிய குறிப்பு, இருக்கிற பறவைக்கு அப்படியே பொருந்துகிறது. கழுகுக் குஞ்சைக் கூட்டிலிருந்து எடுக்கிறார்கள். அல்லது கொஞ்சம் வளர்ந்து, தானே வேட்டையாடக் கற்றுக்கொண்ட இளசை வலை வைத்துப் பிடிக்கிறார்கள்.

முதல் வேலை, கண்ணை மறைக்கத் தோலில் ஒரு குல்லாய். 'தோமாகா' என்கிறார்கள். கண் தெரியாவிட்டால் கழுகு சாது. பிறகு ஆடுகிற கட்டையில் உட்கார வைத்து, தூங்க விடாமல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறார்கள், பாடுகிறார்கள். கழுகு தூங்காது, ஆளும் தூங்க முடியாது. யார் முதலில் அசருகிறார்கள் என்பதுதான் போட்டி. அடுத்தது சாப்பாடு. இறைச்சியைத் தண்ணீரில் ஊறப்போட்டு, ரத்தம் போக அலசி, வெளுத்துப்போனதைத்தான் கொடுப்பார்கள். வயிறு நிறையும், சத்து ஏறாது. லேசான பசியோடு இருந்தால்தான் கைக்குத் திரும்பி வரும். கடைசியில் கயிற்றில் கட்டிய நரித்தோலைக் குதிரையில் இழுத்துக்கொண்டு ஓடி, அதன்மேல் பாயப் பழக்குகிறார்கள். குளிர்காலம் வந்ததும் வேட்டை. பனியில் நரியின் காலடி தெரியும். ரோமமும் அப்போதுதான் அடர்த்தி.

இதற்கெல்லாம் 1999-லிருந்து உல்கியில் திருவிழா நடக்கிறது. குன்றின் உச்சியிலிருந்து கழுகை விட, கீழே எஜமான் அடித்தொண்டையில் கூப்பிட, எது சீக்கிரம் கைக்கு வருகிறதோ அதற்குப் பரிசு. சில கழுகுகள் பார்வையாளர்களை ஒரு ரவுண்டு அடித்துவிட்டு, மேலதிகாரி கூப்பிட்ட குமாஸ்தா மாதிரி நிதானமாக வந்தன. 2014-ல் ஐஷோல்பான் நுர்கைவ் என்ற 13 வயசுப் பெண், மீசைக்காரர்கள் அத்தனை பேரையும் தோற்கடித்து முதல் பரிசு வாங்கினாள். 2016-ல் அவளைப் பற்றி டாக்குமெண்டரிப் படமே வந்துவிட்டது.

கழுகு இருக்கட்டும், கிரிஃபினுக்கு என்ன ஆதாரம் என்கிறீர்களா? இதே அல்தாயின் ரஷ்யப் பக்கம் பஸிரிக் என்ற இடத்தில் பனியில் உறைந்த பழைய சமாதிகள் கிடைத்தன. 1929-லும், பிறகு 1947 முதல் 49 வரையும் தோண்டினார்கள். 2,300 வருஷம் முந்தைய கம்பளிச் சேண விரிப்பில், கிரிஃபின் ஒன்று மலையாட்டின்மேல் பாய்கிறது. இப்போது செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஹெர்மிடாஜ் மியூசியத்தில் இருக்கிறது.

ஏட்ரியன் மேயர் என்ற அமெரிக்க ஆய்வாளர் இன்னொன்று சொன்னார். கோபி பாலைவனத்தில் புரோட்டோசெரடாப்ஸ் என்ற டைனோசரின் எலும்புக்கூடுகள் கிடைக்கின்றன. நாலு கால், கிளி மூக்கு. தங்கம் தேடிப் போனவர்கள் இதைப் பார்த்துத்தான் கதை கட்டியிருப்பார்கள் என்றார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 2024-ல் மார்க் விட்டன், ரிச்சர்ட் ஹிங் என்ற இருவர் மறுத்து எழுதிவிட்டார்கள். எலும்பு கிடைத்த இடத்துக்கும் தங்கம் கிடைத்த இடத்துக்கும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். தவிர, கிரிஃபின் உருவம் அதற்கெல்லாம் வெகு காலம் முன்பே எகிப்திலும் மேற்கு ஆசியாவிலும் இருக்கிறது. கேஸ் தள்ளுபடி!

திருவிழா முடிந்ததும் கைட் தம்பி என்னை ஒரு பெரியவர் வீட்டுக்கு அழைத்துப் போனான். ஊரிலிருந்து ஜீப்பில் இரண்டு மணி நேரம். மண் வீடு. மூலையில் 'துகுர்' என்கிற மூன்று கால் முக்காலி. அதன்மேல் குல்லாய் போட்ட கழுகு, மாமியார் மாதிரி உட்கார்ந்திருந்தது.

"எட்டு வருஷமா என்கிட்ட இருக்கு. பனி உருகட்டும், விட்டுடுவேன்" என்றார் பெரியவர்.

இவர்கள் வழக்கம் அது. பத்து வருஷத்துக்குள் கழுகைத் தூரத்து மலைக்குக் கொண்டுபோய், ஓர் ஆட்டை அறுத்து அதன் முன்னே வைத்து, கால் வாரை அவிழ்த்துவிட்டு வந்துவிட வேண்டும். பத்து வருஷ சர்வீஸ், ஓர் ஆடு கிராச்சுவிட்டி. பழகின பறவை பின்னாலேயே வீட்டுக்கு வந்துவிடும் என்பதால், இருட்டினபிறகு சத்தமில்லாமல் கிளம்பி வருகிறவர்களும் உண்டாம்.

பெரியவரின் மகனுக்கு இதில் சம்மதமில்லை. ஜீப் வாங்கிய கடன் பாக்கி இருக்கிறது. மூத்த பையன் உலான்பாதரில் காலேஜில் படிக்கிறான்.

"கோடையில டூரிஸ்ட் வர்றாங்க. இது சும்மா அவங்க கையில உட்கார்ந்து போட்டோவுக்கு நின்னா போதும். வீட்டுச் செலவு ஓடிடும். நிறைய பேர் இப்ப அப்படித்தான் வச்சிருக்காங்க. இவரு கேட்டாத்தானே?" என்று என்னிடம் நியாயம் கேட்டார். நியாயமாகத்தான் பட்டது.

"இதை விட்டுட்டு வேற குஞ்சு எடுப்பீங்களா?" என்று பெரியவரைக் கேட்டேன். அவர் முழங்காலைத் தட்டிக் காட்டினார். மலை ஏறுகிற கால் இல்லை அது. அப்படியென்றால் இதுதான் கடைசிக் கழுகு.

"இவ்வளவு பழகினதை விட மனசு வருமா?"

கைட் தம்பி மொழிபெயர்த்தான். பெரியவர் கழுகின் நெஞ்சை ஒரு விரலால் தடவியபடி சொன்னார்: "மனசு வராது. மனசைக் கேட்டா விடவே மாட்டோம்னுதான் பெரியவங்க வருஷக் கணக்கு வச்சாங்க. மலைக்கு முட்டை வேணும் இல்லையா?"

நான் பி.காம். படித்தவன். கழுகை இதுவரை பாலன்ஸ் ஷீட்டில் சொத்துப் பக்கம் எழுதிக்கொண்டிருந்தேன். பெரியவர் கடன் பக்கம் எழுதியிருக்கிறார். பிடிப்பதெல்லாம் பெண். ஜோடிக்கு வருஷம் ஒரு குஞ்சு தேறினால் பெரிது. பிடித்ததை எல்லாம் கடைசிவரை வீட்டிலேயே வைத்துக்கொண்டால், மலையில் முட்டை இட யார் இருப்பார்கள்? பேரன் காலத்தில் எடுக்கக் குஞ்சு இருக்காது. நம்ம ஊரில் அவசரத்துக்குப் பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்குவோமே, அதுதான் இது. காட்டிடமிருந்து கைமாற்று. தவணை தவறினால் அடுத்த தலைமுறைக்குக் கடன் கிடைக்காது.

ஆனால் மகன் சொன்ன ஜீப் கடனும் கடன்தானே? அதற்கு என்னிடம் பதில் இல்லை. உப்பு டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

மார்ச் கடைசியில் கைட் தம்பியிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது. பாதி உருகிய பனி. கீழே அறுத்த ஆடு. அதன்மேல் கழுகு, குல்லாய் இல்லாமல். ஓரத்தில் பெரியவரின் கையுறை மட்டும் தெரிகிறது. வீட்டிலிருந்து நூறு கிலோமீட்டர் தள்ளிப் போய் விட்டார்களாம்.

"ஜீப்பை யார் ஓட்டினது?" என்று கேட்டேன்.

"மகன்தான். வர்ற வழியெல்லாம் ரெண்டு பேரும் பேசிக்கலையாம்" என்று பதில் வந்தது.

துகுர் இன்னும் அதே மூலையில்தான் இருக்கிறதாம். இப்போதைக்குப் பேத்தி அதில் ஸ்கூல் பையை மாட்டுகிறாள்.