மகாவலி வளைந்தோடும் கண்டி மாநகர்

கண்டிக்குப் போய்வராத குடும்பம் நம்மிடையே அரிது. தலதா மாளிகையைக் கண்டோம், வாவியைச் சுற்றினோம், பேராதனைத் தோட்டத்தில் கட்டுச்சோறு உண்டோம், கடைத்தெருவில் குளிருக்கு ஒரு சட்டை வாங்கினோம் என்று சொல்லி, ‘கண்டியைப் பார்த்தாயிற்று’ என்று முடித்துவிடுவார் பலர். மகாவலி கங்கையைப் பார்த்தீர்களா என்று கேட்டால், ‘பாலத்தைக் கடக்கும்போது பஸ்ஸிலிருந்து பார்த்தோமே’ என்பர். அந்நகரை மூன்று புறமும் அணைத்தோடும் ஆற்றைப் பாராமல் கண்டியைப் பார்த்ததாகச் சொல்வது, மணமக்களைப் பாராமல் கலியாண வீட்டில் உண்டு திரும்புவதைப் போன்றது. நானும் ஒருகாலத்தில் அப்படித் திரும்பியவன்தான். என் கண்ணைத் திறந்துவிட்டவர் என் பெரியம்மா.

பெரியம்மா பிறந்து வளர்ந்தது திருகோணமலை மாவட்டத்து வெருகலில். முருகன் கோயிலும் அதன் அருகே ஆறும் உள்ள ஊர். வாழ்க்கைப்பட்டு வந்ததோ யாழ்ப்பாணத்துக்கு. நமது குடாநாட்டில் ஆறு என்று பெயர் சொல்ல வழுக்கியாறு ஒன்றுதான் உண்டு. அதுவும் மாரிகாலத்தில் மட்டுமே ஆறு. ஐம்பது ஆண்டுகள் கிணற்றுநீரில் குளித்தும் அந்த அம்மையார் தம் ஊராற்றை மறந்தாரில்லை. வெருகலாறு மகாவலியின் ஒரு கிளை என்பதைச் சிறுவயதிலேயே தகப்பனார் சொல்லிக் கேட்டிருக்கிறார். எழுபத்தெட்டாம் வயதில், முழங்கால் வலி மிகுந்து மருத்துவர் நீண்ட பயணம் ஆகாது என்று எச்சரித்த மறுநாள், என்னை அழைத்து, “தம்பி, எங்கட ஆறு வாற வழியை ஒருக்கால் எனக்குக் காட்டுவியோ?” என்று கேட்டார். ‘இன்னொரு வருடம் பார்க்கலாம்’ என்று சொல்லக்கூடிய கேள்வியாக அது எனக்குத் தோன்றவில்லை.

பயணத்தைத் திட்டமிட உட்கார்ந்தபோது என் பழைய பிழை ஒன்று நினைவுக்கு வந்தது. 2022 ஒக்டோபரில் அண்ணன் மகனோடு கண்டிக்குப் போயிருந்தேன். பேராதனைக்கு அருகே ஆற்றங்கரையில் பாறைகள் தெரிந்தன, முழங்காலளவு நீர்தான். வானத்தில் மேகமே இல்லை. பையன் செருப்பைக் கரையில் கழற்றி வைத்துவிட்டுப் பாறைமேல் போய் நின்றான். அப்போது கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் சிங்களத்தில் உரக்கக் கூவி, மேற்குமலைப் பக்கம் கையைக் காட்டினார். அவர் குரலில் இருந்த அவசரத்தை உணர்ந்து பையனை இழுத்துக் கரையேற்றினேன். கால்மணி நேரத்துக்குள் பாறைகள் மறைந்தன, நீர் செந்நிறமாயிற்று, செருப்புகள் போயின. நாம் நின்ற இடத்தில் ஒரு துளி மழையுமில்லை. மழை பெய்தது ஹற்றன், நுவரெலியாப் பக்கத்து மலைகளில். அங்கே விழுந்த நீர் பள்ளத்தாக்குகள் வழியே திரண்டு இங்கே வந்துசேரும் வரை கீழே நிற்பவனுக்கு ஓர் அறிகுறியும் தெரியாது. மேலேயுள்ள அணைகளின் கதவுகள் திறக்கப்படும்போதும் இதே கதைதான். ஆகையால் முதல் விதியை அன்றே எழுதிக்கொண்டேன்: கண்டியில் ஆற்றைப் பார்க்கலாம், தொடலாம், இறங்கிக் குளிக்கலாகாது.

இரண்டாவது விதி காலம் பற்றியது. ஜனவரி இறுதி முதல் மார்ச் வரை கண்டியில் மழை குறைவு. ஒக்டோபர், நவெம்பரில் பிற்பகல்தோறும் இடியும் மழையும். ஜூலை, ஓகஸ்டில் எசல பெரஹரா நடக்கும். யானைகளையும் பந்தங்களையும் காண விரும்புவோர் அப்போது போகலாம். ஆனால் அக்காலத்தில் தங்குமிடம் கிடைப்பது அரிது, கிடைத்தாலும் விலை கசக்கும். முதியவரை அழைத்துக்கொண்டு நெரிசலில் நிற்பதற்கில்லை என்பதால், 2025 பெப்ரவரியைத் தேர்ந்தோம்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஏ-9 வீதியில் பஸ்ஸில் சென்றோம். 321 கிலோமீற்றர் நீளமுள்ள இந்த வீதியின் மறுமுனையே கண்டிதான். கொழும்பிலிருந்து செல்வோர் புகையிரதத்தை விடக்கூடாது. றம்புக்கணையிலிருந்து கடுகண்ணாவை வரை வண்டி மூச்சுவாங்கி ஏறும்போது, வலப்பக்க இருக்கையில் இருப்பவருக்கே பள்ளத்தாக்கின் காட்சி கிடைக்கும். 1867 இல் கண்டியை எட்டிய பாதை அது. அதே ஆண்டில்தான் கண்டிக்குத் தெற்கே லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். மன்னார்க் கரையில் இறங்கிக் காடுகளைக் கால்நடையாகக் கடந்து, மாத்தளை வழியாக மலையேறி, வழியிலேயே நோயாலும் பசியாலும் எத்தனையோ பேரை இழந்துவந்த நம் மலையகத் தமிழரின் உழைப்பு, அதற்கு முன் கோப்பிக்கும் அதன்பின் தேயிலைக்கும் உரமாயிற்று. கண்டிக்கு ஏ-9 வழியே போகிறவர் மாத்தளையில் அவர்கள் நடந்த தடத்தைக் கடந்தே போகிறார்.

வந்த மாலையில் வாவிக்கரையோடு நிறுத்திக்கொண்டோம். கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807 இல் வெட்டத் தொடங்கிய வாவி இது. கண்ணுசாமி என்பது அவனுடைய இயற்பெயர். 1739 முதல் 1815 வரை கண்டியை ஆண்டவர்கள் மதுரைத் தொடர்புடைய நாயக்க வமிசத்து மன்னர்கள். ஆங்கிலேயரால் சிறைப்பட்ட இவன் வேலூர்க் கோட்டையில் வைக்கப்பட்டு 1832 இல் இறந்தான். அங்கே பாலாற்றங்கரையில் அவனுக்கு மண்டபம் உண்டு. மாளிகைக்குள் செல்வோர் தோளும் முழங்காலும் மறைய உடுத்திச் செல்லவேண்டும். அதனருகே நாத, விஷ்ணு, பத்தினி தேவாலயங்கள் உள்ளன. பத்தினி என்பது நம் கண்ணகியேதான் என்று சொன்னதும், பெரியம்மா களைப்பையும் மறந்து எழுந்து சென்று கும்பிட்டுவந்தார்.

மறுநாள் பேராதனை. 1821 இல் தொடங்கிய அந்தத் தாவரத் தோட்டத்தின் பரப்பு 147 ஏக்கர். ஆறு அதை ஏறத்தாழ ஒரு தீவாகவே வளைத்து ஓடுகிறது. கரையோரத்து இராட்சத மூங்கிற் புதர்களையும், கிளைகளை ஒரு முற்றமளவுக்குப் பரப்பிய ஜாவா அத்திமரத்தையும், மரங்களில் கறுப்புத் துணிபோலத் தொங்கும் வௌவால்களையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். 1944 இல் இரண்டாம் உலகப்போரின்போது மவுண்ட்பேட்டன் பிரபு தம் தலைமையகத்தை இங்கே அமைத்திருந்தார். ஆற்றுக்கு அக்கரையில் கன்னொறுவை. அங்கேதான் 1638 மார்ச்சில் இரண்டாம் இராஜசிங்கனின் படை போர்த்துக்கேயரை ஏறக்குறைய முழுவதுமாக அழித்தது.

பேராதனையில் ஒருகாலத்தில் முதிரைமரத்தாலேயே அமைந்த பாலம் ஒன்று இருந்தது. 1833 இல் கட்டியது. நடுவில் ஒரு தூணும் இல்லாமல் 205 அடி அகலத்தை ஒரே வளைவாகத் தாண்டி நின்றது. ஆணி ஒன்றும் அடிக்கவில்லை என்பர். 1905 இல் அதை அகற்றினர். பல்கலைக்கழகத்தில் பயில விரும்பும் மாணவர்கள் 1952 இல் இங்கே இடம்பெயர்ந்த வளாகத்தையும், அதனுள் உள்ள குறிஞ்சிக் குமரன் ஆலயத்தையும் பார்த்துவருவது நன்று. வசதியுள்ளவர் சற்றுத் தொலைவிலுள்ள கடலாதெனிய விகாரைக்கும் போகலாம். 1344 இல் அதை எழுப்பிய தலைமைச் சிற்பியின் பெயர் கணேசுவராச்சாரி. அக்காலத்ததேயான லங்காதிலக விகாரையின் பாறையில் தமிழ்க் கல்வெட்டும் இருக்கிறது.

பிற்பகலில் கெட்டம்பே. பெரஹராவின் முடிவில் நீர்வெட்டுச் சடங்கு நடக்கும் துறை அது. “எங்கட கோயில் தீர்த்தம் மாதிரி” என்றார் பெரியம்மா. நீர் தணிந்து தெளிவாக ஓடியது. ஒரு தட்டைக்கல்லில் அவரை நிறுத்தி, நான் ஒரு கையைப் பிடித்துக்கொள்ள, குனிந்து ஒரு கைநீர் அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டார். முகத்தில் என்ன இருந்தது என்று எழுத முயன்று இரண்டு வரிகளை அடித்துவிட்டேன்.

மூன்றாம் நாள் காலை உடவத்தகலே. மாளிகைக்குப் பின்புறம் ஏறினால் போதும், காடு. நகரின் இரைச்சல் சில நிமிடத்தில் அடங்கி, பறவைகளின் குரல் கேட்கத் தொடங்கும். முன்னாளில் மன்னர்களுக்கே உரியதாயிருந்த இக்காடு 1938 இல் சரணாலயமாயிற்று. பரப்பு 104 ஹெக்டேயர். மரத்துக்கு மரம் பாய்ந்து பாம்புபோல் முறுகிய பெருங்கொடி ஒன்றைக் கண்டு பிள்ளைகள் வியந்து நிற்பர். காட்டுக்குள் பௌத்தத் துறவியரின் ஆரணியங்கள் மூன்று உள. ஜெர்மனியில் பிறந்த ஞானபொனிக தேரர் 1994 இல் மறையும்வரை பல ஆண்டுகள் இங்கே வாழ்ந்தார். மழை பெய்த மறுநாள் சென்றால் அட்டைகள் உங்களை முதலில் வரவேற்கும். காலில் சவர்க்காரம் பூசிக்கொண்டு போங்கள். குரங்குகளுக்குத் தின்பண்டம் நீட்டவேண்டாம். அவை பையோடு வாங்கிக்கொள்ளும்.

பிரேசிலில் அமேசன் காட்டின் நடுவே மனவுஸ் என்றொரு நகரம் உண்டு. கடலிலிருந்து ஆயிரம் கிலோமீற்றருக்கு மேல் உள்ளே இருந்தும் பெருங்கப்பல்கள் அங்கே போகின்றன. அங்கே ஆறுதான் வீதி. கண்டியின் ஆறு அப்படிப்பட்டதன்று. மகாவலி இந்நகருக்கு வீதியாக இருந்ததில்லை, அகழியாக இருந்தது. அதை அறிய வட்டப்புளுவைக் கரைக்குச் செல்லவேண்டும். 1803 ஜூனில் மேஜர் டேவி என்னும் ஆங்கிலத் தளபதி, நோயுற்ற படையோடு கண்டியைக் கைவிட்டுத் திருகோணமலை நோக்கிப் புறப்பட்டார். தென்மேற்குப் பருவமழையில் ஆறு பெருகி நின்றது. படகுமில்லை, பாலமுமில்லை. ஆங்கிலேயர் அரசனாக்க அழைத்துவந்திருந்த முத்துசாமி என்னும் நாயக்க இளவரசனைக் கண்டியர் கேட்க, டேவி ஒப்படைத்தார், முத்துசாமி கொல்லப்பட்டான். பின்னர் படையும் அழிந்தது. டேவி கைதியாக எஞ்சினார். ஒரு படையையே ஜூன் மாதத்து நீர் மறித்து நிறுத்திவிட்டது. ஒக்டோபரில் செருப்போடு தப்பிய எனக்கு அந்த மேஜரின்மேல் சிறிது இரக்கம் உண்டு. முத்துசாமியின்மேல் மிகுதியாக உண்டு.

இன்று அதே ஆற்றைப் பொல்கொல்லையில் மறித்துள்ளனர். 1976 முதல் அங்கிருந்து ஏறத்தாழ 8 கிலோமீற்றர்ச் சுரங்கம் வழியே நீர் மலையைக் குடைந்து உக்குவளைக்குச் சென்று, மின்சாரம் தந்து, வறண்ட வடமத்தியக் குளங்களை நிரப்புகிறது. “அப்ப எங்கட தண்ணியை இஞ்சை மடக்குகினமோ?” என்று பெரியம்மா கேட்டார். ஒரு பங்கு கலாவெவப் பக்கம் போகும். மற்றது அம்பன் கங்கையாகச் சுற்றிப் பொலன்னறுவைக்கு அப்பால் மீண்டும் மகாவலியில் சேரும் என்று விளக்கினேன். அவருக்கு அது திருப்தி தந்ததாகத் தெரியவில்லை. இன்னும் கிழக்கே, 1985 இல் திறந்த 122 மீற்றர் உயர விக்டோரியா அணையின் நீருக்கடியில் பழைய தெல்தெனிய நகரம் கிடக்கிறது. கடும் வறட்சியில் நீர் வற்றும்போது அதன் இடிபாடுகள் வெளியே தலைகாட்டும். அங்கே போக எங்களுக்கு நேரமில்லை.

நாங்கள் திரும்பி ஒன்பது மாதத்தில், 2025 நவெம்பர் இறுதியில், திட்வா புயல் வந்தது. இலங்கை முழுவதிலும் 600 பேருக்கு மேல் மாண்டனர்; மண்சரிவாலும் வெள்ளத்தாலும் மிகுதியாக இழந்த மாவட்டங்களுள் கண்டியும் ஒன்று. மலைநாட்டுப் புகையிரதப் பாதையும் வீதிகளும் பல இடங்களில் சிதைந்தன. ஆகவே இனிப் புறப்படுவோர், வண்டி எதுவரை ஓடுகிறது, எந்த வீதி திறந்திருக்கிறது, மண்சரிவு எச்சரிக்கை உண்டா என்று விசாரித்தே இடம் பதிவுசெய்யுங்கள். மலைச்சரிவில் அழகான காட்சிக்காகக் கட்டிய விடுதியைவிட, நகருக்குள் சமதரையில் உள்ள எளிய அறை மழைநாளில் நிம்மதியான உறக்கம் தரும். மூன்று முழு நாளுக்குக் குறைவாகத் திட்டமிடவேண்டாம். முதியவர் இருப்பின் ஒரு நாளுக்கு இரண்டு இடங்களே போதும்.

திரும்பும் பஸ் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் ஏறியபோது, பெரியம்மா சாளரத்தோடு ஒட்டிக்கொண்டு கீழே பார்த்தார்.

“தம்பி, இந்தத் தண்ணி வெருகலுக்குப் போய்ச்சேர எத்தனை நாள் செல்லும்?”

விக்டோரியா, ரந்தெனிகலை, ரந்தம்பை என்று மூன்று அணைகளில் தங்கித் தங்கிப் போகவேண்டும். கணக்குச் சொல்வது கடினம் என்றேன்.

“அப்ப நாங்கள் முந்திப் போயிடுவம்” என்றார். பிறகு சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, அக்குறணை வருமுன்னரே உறங்கிப்போனார்.