தரைக்கு அடியில் இருப்பது

காணிப்பாக்கத்தில், யாத்திரிகர்களுக்கு அறை வாடகைக்கு விடும் பழைய வீடு ஒன்றில் தரையைப் புதுப்பிக்கும் வேலை தொடங்கியது. மேலே 1970களில் ஒட்டிய ஒன்பது அங்குலச் சதுர வினைல் ஓடுகள். அடியில் கறுத்த தார்ப்பசை. அதற்கும் அடியில் கடப்பைக்கல். அந்தக் கல்லை மீண்டும் பார்க்க வேண்டும் என்பது வீட்டுப் பெரியவரின் ஆசை. உளியால் பெயர்த்து, பசையை எந்திரம் கொண்டு தேய்த்துவிட்டால் ஒரே நாளில் முடியும் என்றார் மேஸ்திரி.

திருப்பதியில் வேதியியல் கற்பிக்கும் மகள் தடுத்தார். "மேஸ்திரி, கொஞ்சம் பொறுங்க. இதுல கல்நார் இருக்கலாம்."

அவர் அச்சம் ஆதாரமற்றதன்று. அக்கால வினைல் ஓடுகள் பலவற்றில் உறுதிக்காகக் கல்நார் இழைகளைக் கலந்தனர். பசையிலும் அவை இருப்பதுண்டு. இந்தியத் தரநிலை ஐ.எஸ். 3461 கல்நார் கலந்த பி.வி.சி. தரை ஓடுகளுக்கென்றே வகுக்கப்பட்டது. ஓடு முழுதாக இருக்கும்வரை இழைகள் பிணைந்து கிடக்கும். உடைத்தாலோ, உலர்ந்த நிலையில் சுரண்டினாலோ, தேய்த்தாலோ காற்றில் கலந்து நுரையீரலில் தங்கும். நோய் தலைகாட்டப் பல பத்தாண்டுகள் ஆகலாம். கல்நாரின் எல்லா வகைகளும் புற்றுநோய்க் காரணிகள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமையின் முடிவு. கல்நார் உண்டா இல்லையா என்பதைக் கண்ணால் அறிய முடியாது. ஆய்வகச் சோதனை வேண்டும். அதுவரை உண்டென்றே கொள்வது அறிவுடைமை.

"இத்தனை வருஷமா எத்தனை வீட்டுல உடைச்சிருப்பேன், அம்மா?" என்று மேஸ்திரி கேட்டார். எவரிடமும் விடை இல்லை.

கேள்வியின் கனம் அங்கேதான் இருக்கிறது. கல்நார்த் தொழிலாளரின் உடல்நலப் பதிவேட்டை வேலையில் சேர்ந்தது முதல் 40 ஆண்டுகள், அல்லது ஓய்வுக்குப் பின் 15 ஆண்டுகள், இவற்றில் எது பிந்தியதோ அதுவரை பேண வேண்டும் என உச்ச நீதிமன்றம் 1995இல் ஆணையிட்டது. நாள்தோறும் வேறு வீட்டில் தூசி பெருக்கும் சித்தாளுக்கு எந்தப் பதிவேடு உண்டு? இருபது ஆண்டுகள் கழித்து மூச்சு இரைக்கும்போது, எந்தத் தரையின் தூசி அது என்று எவர் சொல்வார்? தரைக்குக் கல் தந்த அதே கடப்பை மாவட்டத்தில், புலிவெந்துலாப் பகுதியில், கல்நாரும் வெட்டி எடுக்கப்பட்டது என்பதையும் நினைக்க வேண்டும்.

முடிவில், உறுதியாக ஒட்டியிருந்த ஓடுகளை அப்படியே விட்டு மேலே புதுத்தரை போட்டனர். தளர்ந்திருந்த நான்கை மட்டும் நீரால் நனைத்து, உடையாமல் எடுத்து, கெட்டியான பாலித்தீனில் கட்டினர். துடைப்பம் தொடப்படவில்லை, ஈரத்துணியால் துடைத்தனர். கடப்பைக்கல் மறைந்தே இருக்கிறது. பெரியவருக்கு அந்த வருத்தம் தீரவில்லை.

காணிப்பாக்கம் விநாயகர் சந்நிதியில் பொய்ச்சத்தியம் செய்ய மக்கள் அஞ்சுவர். சொல்லாமல் விடுவதற்கு அத்தகைய அச்சம் எங்கும் இல்லை. தரையில் என்ன இருக்கலாம் என்பதைக் கூலி பேசும்போதே சொல்வது வீட்டுக்காரரின் கடன். அதைக் கேட்டபின் உளியை எடுப்பதா வேண்டாமா என்பது தொழிலாளியின் உரிமை.