பேர் விழாத ஒரு நாள்

டிசம்பர் பிறந்துவிட்டால் கொழும்பிலிருந்து மலையேறும் வாகனங்களின் வரிசை நீளத் தொடங்கும். நத்தார் விடுமுறை, ஆண்டிறுதிப் போனஸ், வெளிநாடுகளிலிருந்து வந்திறங்கும் உறவினர்கள் என எல்லாம் ஒன்றுசேரும் மாதம் அது. நான் பணியாற்றிய நாளேட்டில் அந்நாட்களில் ஞாயிறு மலருக்கென ‘எங்கே போகலாம்?’ என்று ஒரு பக்கம் ஒதுக்குவோம். நுவரெலியா, பண்டாரவளை, எல்ல, அப்புத்தளை என்று ஊர்ப்பெயர்கள் ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப வரும். படங்களும் ஏறத்தாழ ஒன்றே. பச்சைப் பசேலென்ற தேயிலை மலை, நடுவே கூடையுடன் ஒரு பெண்.

ஊவா மாகாணத்தை அறிந்தவர்களுக்கு டிசம்பர் அங்கே உல்லாச மாதம் அன்று என்பது தெரியும். தென்மேற்குப் பருவமழையில் ஹட்டன் பக்கம் நனையும்போது ஊவாவில் வறண்ட காற்று வீசும். ஜூலை முதல் செப்டெம்பர் வரையிலான அந்தக் காற்றுதான் ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் பெயர் வாங்கித் தந்த மணத்தைக் கூட்டுகிறது. வடகீழ்ப் பருவமழையோ நவம்பரில் தொடங்கிப் பதுளையை ஜனவரி வரை நனைத்துக்கொண்டிருக்கும். பயணிகளுக்கு அந்த மூடுபனி அழகு. கொழுந்து எடுப்பவர்களுக்கு அது நனைந்த படங்கு, கால்களில் அட்டை, வழுக்கும் சரிவு.

தோட்டத்தில் ஒரு நாள் வேலையைப் ‘பேர்’ என்பார்கள். குறித்த அளவு கொழுந்து எடுத்தால் முழுப் பேர். பல தோட்டங்களில் அந்த அளவு 18 முதல் 20 கிலோ வரை. குறைந்தால் அரைப் பேர். மலைக்குப் போகாவிட்டால் பேர் விழாது. உலகத்தில் மற்றவர்கள் ‘லீவு’ என்று சொல்வதற்கு லயத்தில் வழங்கும் சொல் ‘பேர் விழாத நாள்’ என்பதே. ஓய்வும் இழப்பும் அங்கே ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன.

என் மனைவி பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் லயன் காம்பராவில் பிறந்து வளர்ந்தவர். படித்து, ஆசிரியையாகி, ஓய்வுபெற்றும் சில ஆண்டுகள் ஆகின்றன. அவருடைய பாட்டி சிறுமியாக இருந்தபோது 1920களில் திருச்சிப் பக்கமிருந்து வந்தவர். 1914-இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் சேவை தொடங்கியிருந்த காலம். மண்டபம் முகாமில் தடுத்து வைத்து, மருந்தடித்து, ஊசி போட்டு, கங்காணியின் பட்டியலில் பெயரைச் சரிபார்த்து ஏற்றினார்கள் என்று பாட்டி சொல்வாராம். கடலைப் பற்றிக் கேட்டால் அவரிடமிருந்து ஒரே பதில்தான் வருமாம்: “ராத்திரி ஆத்தா, கண்ணே தெரியல. வாந்தி எடுத்துக்கிட்டே வந்தேன்.”

என் மாமியார் பதுளையில் பிறந்தவர். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து எடுத்தவர். 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராகி, 1964-இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் ஒரு தம்பியை இந்தியாவுக்கு அனுப்பிவைத்துவிட்டு, பிறந்த லயத்திலேயே தங்கிவிட்டவர். அவர் வாழ்நாளில் உல்லாசமாகச் சென்றுவந்த இடம் என்று ஒன்றுண்டானால் அது கதிர்காமம். தோட்டத்து லொறியில், ஆடித் திருவிழாவுக்கு, மூன்று முறை. கதிர்காமத்திலிருந்து கிரிந்தைக் கடற்கரை முப்பது கிலோமீட்டர் அளவுதான். லொறி அங்கே போகவில்லை. மறுநாள் பிரட்டுக்கு ஆட்கள் நிற்க வேண்டுமே! ஆகவே, சுற்றிலும் கடல் சூழ்ந்த ஒரு தீவில் எழுபத்தெட்டு வயது வரை வாழ்ந்த அந்த அம்மா, கடலைப் பார்க்காமலேயே கண்மூடினார்.

2024 டிசம்பரில் பதுளையில் ஒரு திருமணத்துக்குச் சென்றிருந்தோம். மறுநாள் கைவசம் இருந்தது. “என்னங்க, நாளைக்கு ஒரு வேலையும் வேணாம். காலையில ரயில்ல எல்லவுக்குப் போவோம். அங்க என்னமோ கம்பியில பறக்க விடுறாங்களாம். அத முடிச்சிட்டு அப்பிடியே கிரிந்தைக்கு எறங்குவோம்” என்றார் மனைவி. மலையும் கடலும் ஒரே நாளில். முப்பத்தைந்து ஆண்டு இல்லறத்தில் பிள்ளைகள் இல்லாமல் நாங்கள் இருவர் மட்டும் போன உல்லாசப் பயணங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நான் மறுபேச்சின்றிச் சம்மதித்தேன்.

பதுளை ரயில் நிலையம் மலையகப் பாதையின் கடைசித் தரிப்பிடம். கொழும்பிலிருந்து சுமார் 290 கிலோமீட்டர். 1924-இல் பாதை இங்கே வந்து சேர்ந்தது. தேயிலையைத் துறைமுகத்துக்கு இறக்கவே அது போடப்பட்டது. பயணிகள் பின்னர் சேர்ந்துகொண்டவர்கள். பதுளையிலிருந்து புறப்படும் வண்டி தெமோதரையில் ஒரு வேடிக்கை காட்டுகிறது. சுரங்கத்தின் வழியாக நிலையத்தின் அடியில் நுழைந்து, மலையைச் சுற்றி ஏறி, சற்று முன் எந்தப் பாதையின் மேலே நிலையம் நின்றதோ அதே நிலையத்தில் வந்து நிற்கிறது. என்ஜின் ஏற முடியாத உயரத்தைச் சுற்றிச் சுற்றி ஏறவைத்த பொறியியல் அது. மாணவியாக எத்தனையோ முறை பார்த்திருந்தும் மனைவி அன்று ஜன்னலோரத்தில் குழந்தையாக எட்டிப் பார்த்தார்.

அடுத்து ஒன்பது வளைவுப் பாலம். 1921-இல் கட்டி முடிக்கப்பட்டது. உருக்கு இல்லாமல் கல்லாலும் செங்கல்லாலும் சீமெந்தாலும் எழுப்பியது. முதலாம் உலகப் போரில் உருக்கு முழுவதும் போர்க்களத்துக்குப் போய்விட்டதால் உள்ளூர்க்காரர்களே கல்லால் கட்டினார்கள் என்று ஒரு கதை வழங்குகிறது. கதையின் உண்மை எப்படியோ, அந்தக் கல்லைச் சுமந்த தோள்களைப் பற்றி எந்தக் கதையும் இல்லை. நாங்கள் கடந்தபோது வண்டியைப் படம்பிடிக்கத் தேயிலைச் செடிகளுக்கிடையே நூறு பேராவது நின்றிருந்தனர். ரஷ்ய மொழி கேட்டது, ஹிந்தி கேட்டது. இளநீர் விற்ற பையன் இரண்டிலும் விலை சொன்னான். அவனுடைய தாய்மொழி தமிழ்.

எல்லவில் ‘ஃப்ளையிங் ராவணா’ என்ற சாகசப் பூங்கா இருக்கிறது. மலைக்கு மலை கட்டிய கம்பியில் அரைக் கிலோமீட்டருக்கும் மேலாகத் தேயிலைத் தோட்டத்தின் மீது தொங்கியபடி பறந்து செல்லலாம். எனக்கு இரத்த அழுத்தம் என்று ஒதுங்கிக்கொண்டேன். மனைவி சேலைக்குப் பதிலாகச் சுடிதார் அணிந்து ஆயத்தமாகவே வந்திருந்தார். வார்களை இறுக்கிவிட்ட இளைஞர், “பயப்படாதீங்கம்மா, கீழ பாக்காதீங்க” என்றார். “கீழ பாக்கத்தானே தம்பி வந்தேன்” என்று பதில் வந்தது. பேச்சுக் கொடுத்ததில் அந்த இளைஞர் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை என்று தெரிந்தது. அவருடைய தாயும் கொழுந்துக்காரிதான். “அம்மா ஒருநாளாச்சும் ஏறியிருக்காங்களா?” என்று மனைவி கேட்டார். இளைஞர் சிரித்தார். “கூப்பிட்டேன். அன்னைக்குப் பேர் போயிரும்டான்னு சொல்லிட்டாங்க.”

மறுமுனையில் இறங்கியவரின் முகத்தில் சிரிப்பும் கண்ணீரும் கலந்திருந்தன. காற்றினால் என்றார். பிறகு வேனில் ஏறியபின் சொன்னார்: “அம்மா இப்பிடி ஒரு மலைய ஏறி எறங்க அரை நாள் ஆகும். நான் ஒரு நிமிஷத்துல தாண்டிட்டேன்.” அதில் பெருமிதம் இருந்ததா, வருத்தம் இருந்ததா என்று நான் கேட்கவில்லை.

எல்லவிலிருந்து வெல்லவாய நோக்கி இறங்கும் பாதையில், சாலையை ஒட்டியே இராவணன் நீர்வீழ்ச்சி. மழைக்காலமாதலால் அன்று அது முழங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பாதை வளைவுகளுக்குப் பேர்போனது. நாங்கள் சென்றுவந்து ஒன்பது மாதங்களின் பின், 2025 செப்டெம்பர் 4 இரவு, அதே பாதையில் ஒரு பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர் உயிரிழந்தனர். தங்கல்லை நகரசபை ஊழியர்களும் குடும்பத்தினரும் எல்லவுக்கு உல்லாசப் பயணம் வந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள். மலையிலிருந்து நாங்கள் கடல் பார்க்க இறங்கினோம். கடலோரத்திலிருந்து அவர்கள் மலை பார்க்க ஏறினார்கள். செய்தியைப் படித்த இரவு வீட்டில் இருவரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை.

வெல்லவாயவைத் தாண்டியதும் வெப்பம் ஏறியது. தணமல்வில, பிறகு திஸ்ஸமகாராமை. வழியோரக் கடைகளில் மண்சட்டிகளில் எருமைத் தயிர். ஒரு சட்டி வாங்கிக் கித்துள் பாணி ஊற்றி, வேனிலேயே இருவரும் ஒரே கரண்டியால் உண்டோம். அறுபது வயதில் அதைக் காதல் என்று சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள்.

பிற்பகல் மூன்று மணியளவில் கிரிந்தை. கரையோரப் பாறை மீது ஒரு பௌத்த விகாரை. களனி மன்னனின் மகள் விகாரமகாதேவி, பொங்கிய கடலைத் தணிக்கப் படகில் ஏற்றி அனுப்பப்பட்டு இங்கே கரைசேர்ந்தாள் என்பது ஐதீகம். கடல் ஊருக்குள் வந்த அந்தப் பழங்கதை, 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு இந்தக் கரையில் யாருக்கும் கதையாகப் படுவதில்லை. அன்று ஞாயிற்றுக்கிழமை, போயா தினமும்கூட. அம்பாந்தோட்டையில் வாரச்சந்தை கூடியிருந்த நேரத்தில் அலை வந்தது. இலங்கை முழுவதிலும் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்த வாரம் செய்தி சேகரிக்க வந்தபோது நான் பார்த்த அம்பாந்தோட்டையை இங்கே எழுத விரும்பவில்லை.

கிரிந்தையில் குளிக்க முடியாது, நீரோட்டம் பொல்லாதது. மனைவி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கணுக்கால் நனைய நின்றார். அவர் கடலையே பார்த்திராதவர் அல்லர். கொழும்பில் காலிமுகத்திடலுக்குப் பிள்ளைகளை எத்தனையோ மாலைகளில் கூட்டிச்சென்றவர். ஆனால் இது வேறு கடல் என்றார். “அம்மாவுக்குக் கிட்ட இருந்த கடல் இதுதான். இன்னும் ஒரு மணி நேரம் லொறி ஓடியிருந்தா அவங்க இங்க நின்னிருப்பாங்க.”

பாட்டி கடலைக் கடந்தார், பார்க்கவில்லை. தாய் கடக்கவுமில்லை, பார்க்கவுமில்லை. மகள் எந்தக் காரியமும் இல்லாமல், யாரிடமும் அனுமதி கேட்காமல், வெறுமனே பார்ப்பதற்காகவே வந்து நின்றார். ஒரு குடும்பம் இந்த இடத்துக்கு வந்து சேர நூறு ஆண்டுகள் பிடித்திருக்கின்றன. மலையகத்தைப் பற்றி எத்தனையோ கட்டுரைகள் எழுதியவன் நான். சம்பளம், வீடு, காணி, வாக்குரிமை என்று எழுதியிருக்கிறேன். அவை எல்லாம் முதன்மையானவை. அந்தப் பட்டியலில் சும்மா இருக்கும் ஒரு நாளையும் சேர்க்க வேண்டும் என்று அந்தக் கரையில் எனக்குத் தோன்றியது. கதிர்காமத்துக்கு வேண்டுதலுக்காகப் போகலாம், இழவுக்குப் போகலாம், பிள்ளைக்கு மருந்தெடுக்கப் போகலாம். காரணமே இல்லாமல் போவதற்கு ஒரு நாள் கிடைப்பதுதான் கடினம்.

நாங்கள் பயணம் செய்த மாதத்தில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. பிறகு, 2026-ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில், அரசு தரும் 200 ரூபா வருகைக் கொடுப்பனவுடன் சேர்த்து 1,750 ரூபா என்று அறிவிக்கப்பட்டது. நல்லது. ஆனால் ‘வருகைக் கொடுப்பனவு’ என்ற பெயரைக் கவனியுங்கள். மலைக்கு வந்தால்தான் அது. வராத நாளின் விலை முன்னைவிடக் கூடியிருக்கிறது.

அந்த அறிவிப்பு வெளியான அதே நவம்பரின் இறுதியில், 2025-இல், டித்வா புயல் இலங்கையைத் தாக்கியது. அறுநூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பதுளை மாவட்டம் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்டவற்றுள் ஒன்று. மண்சரிவுகள் வீடுகளைப் புதைத்தன, மலையக ரயில் பாதை பல இடங்களில் சிதைந்தது. ஊவாவுக்கு இது புதிதன்று. 2014 அக்டோபர் 29-இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களின் மேல் மலை சரிந்து விழுந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. ஆபத்தான சரிவு என்று எச்சரிக்கப்பட்ட இடத்திலிருந்து எழுந்து போக, போவதற்கு ஒரு துண்டுக் காணி வேண்டும். லயத்தில் இருப்பவர்களுக்கு அது எங்கே இருக்கிறது?

புயலுக்குப் பின் எங்களை எல்லவில் கம்பியில் ஏற்றிவிட்ட இளைஞரின் நினைவு மனைவிக்கு அடிக்கடி வந்தது. பயணிகள் வராவிட்டால் அவருக்கும் இளநீர்ப் பையனுக்கும் பிழைப்பில்லை. ஆகவே, வெளிநாடுகளில் இருக்கும் வாசகர்கள் ஊவாவுக்கு வர வேண்டும் என்றே நான் சொல்வேன். பாலத்தைப் பாருங்கள், அருவியைப் பாருங்கள், கம்பியிலும் பறந்து பாருங்கள். உங்களோடு தோட்டத்து உறவினர் யாரேனும் இருந்தால் அவரையும் அந்த வேனில் ஏற்றிக்கொள்ளுங்கள். அன்றைய பேரை நீங்கள் கொடுத்துவிடுங்கள். அது உங்களுக்கு ஒரு வேளை உணவகச் செலவுக்கும் குறைவாகவே இருக்கும். கடல் வரை போய் வாருங்கள்.