பாதாதி கேசம்

ஓவியம் பயிலும் மாணவனிடம் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "என் முகத்தை வரைந்து தருவாயா?" தில்லிக்கு வந்திருந்த என் அம்மாவும் ஒரு மார்கழி மாதத்தில் ஒரு முகத்தைத்தான் கேட்டார்கள். அது அவர்கள் முகம் அன்று. என் தந்தையின் முகம்.

அப்பா மறைந்து பத்து மாதம் ஆகியிருந்தது. முதல் ஆண்டுத் திதி நெருங்கிக்கொண்டிருந்தது. கும்பகோணத்து வீட்டுக் கூடத்தில் மாட்ட நல்ல படம் ஒன்றும் இல்லை. யாராவது படம் எடுக்க வந்தால் அப்பா எழுந்து போய்விடுவார். எஞ்சியது அடையாள அட்டையில் இருந்த சின்னஞ்சிறு படம். அதிலும் பாதி முகத்தை முத்திரை மறைத்திருந்தது.

"நீதான் படம் போடப் படிக்கிறயே, நீயே போட்டுக் குடுடா" என்றார்கள் அம்மா.

எட்டு இரவுகள் முயன்றேன். மூக்கு அமைந்தால் கண் பொய் சொல்லிற்று. கண் அமைந்தால் வேறு யாரோ என்னைப் பார்த்தார். இத்தனைக்கும் எனக்கு ஓவிய ஆசையை ஊட்டியவரே அப்பாதான். தாத்தா கட்டி வைத்திருந்த பழைய 'ஆனந்த விகடன்' தொகுப்புகளில் 'தென்னாட்டுச் செல்வங்கள்' பக்கங்களைப் புரட்டிக் காட்டுவார். கோயில் கோயிலாகச் சென்று, சிலைகளின் முன்னால் அமர்ந்து வரைந்த சில்பியின் கோடுகள் அவை. ஸ்ரீநிவாசன் என்ற அந்த ஓவியருக்குச் 'சில்பி' என்று பெயர் சூட்டியவர் மாலி என்பதையும் அப்பா சொல்லித்தான் அறிந்தேன். அவர் காட்டிய சிலைகளையெல்லாம் பார்த்தேன். காட்டிய மனிதரை உற்றுப் பார்க்கவில்லை.

ஒன்பதாம் நாள், மனம் ஆறட்டும் என்று அம்மாவை ஜனபத்தில் உள்ள தேசிய அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்றேன். 1960-ஆம் ஆண்டு டிசம்பரில் டாக்டர் இராதாகிருஷ்ணன் திறந்துவைத்த கட்டடம் அது. அங்கே புதுக்கோட்டைச் சீமையின் திருவரங்குளத்திலிருந்து வந்த சோழர் காலத்து நடராசர் இருந்தார். தில்லைக் கூத்தனைப்போல் இடக்காலை உயரத் தூக்கி வீசவில்லை. இரு முழங்கால்களும் மடங்கி ஆடும் சதுர தாண்டவம். விளக்கு இல்லை, மாலை இல்லை, அருகே ஒரு பெயர்ப் பலகை மட்டும்.

அம்மா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது. கோயிலுக்குப் போவதை நான் விட்டுப் பல ஆண்டுகள் ஆயின. "இது கலைப் பொருள் அம்மா" என்றேன். அவர்கள் என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

நான் ஏட்டைப் பிரித்து முகத்தை வரையத் தொடங்கினேன். அம்மா எட்டிப் பார்த்தார்கள்.

"சாமியை மூஞ்சியிலேர்ந்தா ஆரம்பிப்பாங்க? காலைப் பிடிச்சுக்கோடா. மத்தது தானா வரும்."

தெய்வத்தைப் பாடினால் அடிமுதல் முடிவரை பாடுவது பாதாதி கேசம்; மனிதரைப் பாடினால் முடிமுதல் அடிவரை பாடுவது கேசாதி பாதம். இதை நானும் படித்திருந்தேன். புலவர்கள் தமக்கென்று வகுத்துக்கொண்ட மரபு என்று அன்றுவரை எண்ணியிருந்தேன். எங்கள் ஊருக்கு அருகே சுவாமிமலையில் ஸ்தபதிகள் தென்னை ஓலையை அளவாக மடித்து, மெழுகில் திருமேனி சமைத்து, காவிரி வண்டலால் அதை மூடி, மெழுகை உருக்கி வடித்து உலோகம் வார்ப்பார்கள். உடைத்த அச்சு மறுபடி உதவாது. ஆகவே ஒவ்வொரு திருமேனியும் தனி ஒன்று. கண் திறப்பது கடைசியில்தான். இதே அருங்காட்சியகத்தை நடத்திய சிவராமமூர்த்தி, தம் நூல்களுக்கு வேண்டிய கோட்டோவியங்களைத் தாமே வரைந்தார். எழுதத் தெரிந்த அறிஞருக்கும் கையால் தொடர்ந்து பார்க்க வேண்டியிருந்தது.

அன்றிரவு அப்பாவின் முகத்தை விட்டுவிட்டேன். காலை வரைந்தேன். சிறுவனாக இருந்தபோது நாள்தோறும் இரவில் நான் பிடித்துவிட்ட கால். குதிகாலின் வெடிப்பு, பெருவிரலின் கறுத்த நகம், கணுக்காலில் மிதிவண்டிச் சங்கிலி கிழித்த தழும்பு, ஒவ்வொன்றும் கேளாமலே வந்தது. கண் மறந்ததைக் கை வைத்திருந்தது.

காலையில் அம்மா அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தார்கள். "அவர்தான்" என்றார்கள். பிறகு புடவை மடிப்புக்குள் வைத்து ஊருக்கு எடுத்துச் சென்றார்கள். திதியன்று கூடத்தில் அதுவே இருந்தது. "முகம் எங்கே?" என்று உறவினர் கேட்டதற்கு, "வரும்" என்று மட்டும் சொன்னார்களாம்.

கடவுள் உண்டா என்ற கேள்விக்கு இன்றும் என்னிடம் விடை இல்லை. ஆனால் ஒன்றின் முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பதற்கும், ஒன்றை வரைவதற்கும் வேண்டிய பொறுமை ஒன்றேதான் என்று அறிந்துகொண்டேன். அந்தப் பொறுமையைத் தந்தையிடம் காட்டாமல் போனேன். அந்தக் குறை எனக்கு என்றும் தீராது.

நண்பர்களே! விடுமுறைக்கு ஊர் செல்லும்போது வீட்டில் இருப்பவர்களை ஒருமுறை நன்றாகப் பாருங்கள். வரையத் தெரிய வேண்டியதில்லை. நான் இப்போது முழங்கால்வரை வந்திருக்கிறேன். முகத்துக்கு இன்னும் நெடுந்தூரம் இருக்கிறது.