முந்தானையின் முதல் வரி

கோவை டவுன்ஹால் சுற்றுவட்டாரக் கடைகளில் எடுத்த பட்டுச் சேலைகள், ஃபால்ஸ் வைக்கவும் குச்சு கட்டவும் உக்கடத்துச் சந்து வீடுகளுக்கு வந்து சேர்கின்றன. நான் போன வீட்டின் முன்னறையில் மூன்று பெண்கள். மடியில் தலையணை, அதன்மேல் முந்தானை, கையில் மெல்லிய குரோஷா ஊசி. புதிதாகப் பழக வந்த பெண்ணிடம் மட்டும் சேலை இல்லை; ஒரு நூல்கண்டும் சற்றுப் பருமனான ஊசியும்தான்.

குரோஷா சொல்லித்தருகிறவர்கள் வழக்கமாக வெறும் சங்கிலியில்தான் தொடங்குவார்கள். கண்ணிக்குள் கண்ணி இழுத்துக்கொண்டே போவது சுலபம். திரும்பி வந்து அதன்மேல் இரண்டாம் வரி போடும்போதுதான் வம்பு. சங்கிலி முறுக்கிக்கொள்ளும், ஊசி எந்தக் கண்ணியில் நுழைய வேண்டும் என்றே தெரியாது. பலர் அங்கேயே விட்டுவிடுகிறார்கள்.

இங்கே பாடம் வேறு. நான்கு கண்ணி போட்டு, அவற்றில் முதல் கண்ணிக்குள் ஒரு நீளத் தையல். அதன் தலையிலிருந்து மறுபடி நான்கு கண்ணி, மறுபடி ஒரு நீளத் தையல். வரிசையாகத் துளைகள் கொண்ட பட்டை ஒன்று வளர்கிறது. அடுத்த வரியை அந்தத் துளைக்குள்ளேயே போடலாம், கண்ணியைத் தேட வேண்டியதில்லை. ஒரு முழம் போட்டால் அதுவே தலையில் கட்டும் ரிப்பன். பழகும் கைக்கு உடனே ஒரு பொருள் கிடைப்பது சின்ன விஷயமில்லை.

"இழுத்துப் புடிக்காத கண்ணு, நூலு தானா வரும்," என்கிறார் சொல்லித்தரும் அக்கா.

சேலையில் அந்த முதல் வரி துணியிலேயே ஏறுகிறது. மடித்தடித்த விளிம்பில் ஊசியைக் குத்தி, பல இழை சேர்த்த பட்டு நூலை வெளியே இழுத்து ஒரு பூட்டு, மூன்று கண்ணி, விரலகலம் தள்ளி அடுத்த குத்து. முந்தானை நெடுக, ஏறக்குறைய 45 அங்குலத்துக்கு, சின்னச் சின்ன வளைவுகள். ஐந்து வளைவுக்கு ஒரு குச்சு என்றால் மொத்த வளைவுகளும் ஐந்தால் வகுபட வேண்டும். இல்லாவிட்டால் கடைசி மூலையில் வடிவம் பாதியில் நின்றுவிடும். அதனால் அக்கா அளவுநாடா வைத்துப் புள்ளி குறித்த பிறகே ஊசியை எடுக்கிறார். இறுக்கினால் துணி சுருங்கும், தளர்த்தினால் தொங்கும். கூலி கொடுக்கிறவர் கண் மணியிலும் குஞ்சத்திலும் விழும். வேலை தெரிந்தவர் முந்தானையைத் திருப்பி முதல் வரியைத்தான் பார்ப்பார்.

பக்கத்துத் திருப்பூரில் வட்டப் பின்னல் இயந்திரம் ஒன்றில் ஆயிரக்கணக்கான ஊசிகள் ஒரே சமயத்தில் ஓடும். குரோஷாவில் ஒரு தையல் முடிந்துதான் அடுத்தது. கைவேலையாகவே அது நிலைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

கைவேலை என்றால் கூலி தாராளம் என்றில்லை. ஆந்திரத்து நரசாபுரத்தில் ஏற்றுமதிக்காக லேஸ் பின்னிய பெண்களைப் பற்றி ஜெர்மானியச் சமூகவியலாளர் மரியா மீஸ் எழுதிய நூல் 1982இல் வெளிவந்தது. அவர்களைத் தொழிலாளர்களாக யாரும் எண்ணவில்லை. ஓய்வு நேரத்தில் ஏதோ பின்னும் இல்லத்தரசிகள் என்றார்கள், கூலியும் அதற்கேற்ப. உக்கடத்திலும் "வீட்ல சும்மா இருக்கற நேரத்துல பண்றதுதானுங்களே" என்று பேரம் பேசுகிறவர்கள் உண்டு. சமையலை முடித்து, பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு எடுக்கிற ஊசி அது.

மீட்டர் கணக்கில் ரெடிமேட் குச்சு லேஸும் கடைகளில் தொங்குகிறது. தையல் மிஷினில் ஓட்டினால் சீக்கிரம் முடிந்துவிடும். சாதாரணச் சேலைக்கு அதுவே போதும் என்று அக்காவே சொல்லி அனுப்பிவிடுகிறார். முகூர்த்தப் பட்டுக்குத்தான் கைக்குச்சு. ஆவணிக் கல்யாணச் சேலைகள் ஆடியிலேயே வரத் தொடங்கிவிடும். அவற்றில் குஞ்சம் கட்டவும் மணி கோர்க்கவும் புதிய பெண்ணுக்கு வேலை உண்டு. விளிம்பில் முதல் குத்துக்கு மட்டும் தை வரை பொறுக்கச் சொல்லியிருக்கிறார்.