முடிவும் வழியும்: ஒரு பௌத்த நோக்கு

நல்லதொரு முடிவை எய்துதற்குத் தீய வழியைக் கையாளலாமா என்பது அறவியலின் மிகப் பழைய வினாக்களுள் ஒன்றாகும். முடிவு நன்றாயின் வழியும் நன்றாகிவிடும் என்பார் எக்காலத்தும் உளர். இவ்வினாவுக்குப் பௌத்தம் தரும் விடை யாது?

செயலின் தன்மையைத் தீர்மானிப்பது 'சேதனை' எனப்படும் எண்ணமே என்பது புத்தரின் போதனை. எண்ணம் நல்லதாயின் எச்செயலும் தகும் என இதனைக் கொண்டு வாதிப்போர் உண்டு. அவ்வாதம் பொருந்தாது. ஈண்டு எண்ணம் எனப்படுவது தொலைவிலுள்ள இலட்சியமன்று. செயல் நிகழும் கணத்தில் உள்ளத்தை இயக்கும் உந்தலாகும். களத்திற் பொருது மடியும் வீரன் வானுலகு எய்துவானா எனப் படைத்தலைவன் ஒருவன் வினவியமை சம்யுத்த நிகாயத்திற் காணப்படுகின்றது. இருமுறை விடை தர மறுத்த புத்தர், மூன்றாம் முறை, பிறரைக் கொல்லும் எண்ணத்தோடு மடிவோன் நரகையே அடைவான் என்றார். அவன் எவ்விலட்சியத்துக்காகப் பொருதான் என்பதை அவர் வினவவில்லை.

மகாயான நூலாகிய உபாயகௌசல்ய சூத்திரம் சற்று வேறுபட்ட கதையொன்றைக் கூறும். ஐந்நூறு வணிகரைக் கொல்லக் கருதிய கள்வனைக் கப்பற்றலைவன் ஒருவன் கொல்கின்றான். ஆயின், அதன் பயனாக வரும் நரகத் துன்பத்தைத் தானே ஏற்கத் துணிந்த பின்னரே அவன் அதனைச் செய்கின்றான். முடிவைக் காட்டித் தன் கொலையை அவன் நல்வினை என்று கூறிக்கொள்ளவில்லை.

இனி, மன்னர் இருவரின் வரலாறு ஒப்புநோக்கற்பாலது. கி.மு. 3ஆம் நூற்றாண்டிற் கலிங்கத்தை வென்ற அசோகன், ஓரிலட்சம் பேர் மாண்டனர், ஒன்றரை இலட்சம் பேர் நாடுகடத்தப்பட்டனர் எனத் தன் 13ஆம் பாறைக் கல்வெட்டில் தானே பொறித்துத் தன் துயரையும் வெளியிட்டான். எல்லாளனை வென்ற துட்டகைமுனுவும் மாண்டோரை எண்ணி மனம் வருந்தினான் என மகாவம்சத்தின் 25ஆம் அத்தியாயம் கூறும். அவனைத் தேற்ற வந்த அரகந்தர் எண்மர், திரிசரணம் புகுந்தோன் ஒருவனும் பஞ்சசீலம் பூண்டோன் ஒருவனுமாக ஒன்றரை மனிதரே கொல்லப்பட்டனர் என்றும், ஏனையோர் விலங்குக்கு ஒப்பானவர் என்றும் கூறினராம். எல்லாளனின் செங்கோலைப் புகழ்ந்துரைத்த அதே நூலே இதனையும் உரைக்கின்றது.

இவ்விரண்டனுள் புத்தரின் போதனைக்கு அணித்தாய் நிற்பது எது? அசோகன் இறந்தோரைத் தொகை குறையாது எண்ணினான். அரகந்தர் குறைத்து எண்ணினர். முடிவைக் காட்டி வழியை நியாயப்படுத்தும் வாதம் முதலிற் செய்வது இதுவே: மனிதரை மனிதராக எண்ணாது விடுதல். 1983 முதல் 2009 வரை போரிற் புண்பட்ட இந்நாட்டிலும் உயர்ந்த இலட்சியங்களின் பெயரால் இக்கணக்கே போடப்பட்டது. அதற்கு எத்தரப்பும் விலக்கன்று.

துட்டகைமுனுவின் வரலாற்றிற் பௌத்தத்தின் குரல் ஒலிப்பது அவன் பெற்ற ஆறுதலில் அன்று; உறக்கமின்றி அவன் வருந்திய அவ்விரவிலேயே எனலாம்.